வீட்டில் இருக்கும் துப்பாக்கிகளுக்கு ஒரு நோட்டு: அமெரிக்காவில் அந்தப் பட்டியலை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை

அமெரிக்காவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், புகார் எழுத வரும் போலீஸ்காரர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது சீரியல் நம்பரைத்தான். "கறுப்பு க்ளாக், ஒன்பது மில்லிமீட்டர், போன வருஷம் வாங்கினேன்" என்று சொன்னால் அவர் எழுதிக்கொள்வார், ஆனால் அந்த விவரத்தை வைத்து அவரால் எதையும் தேட முடியாது. எஃப்பிஐ 1967-லிருந்து நடத்திவரும் தேசியக் குற்றத் தகவல் மையத்தில், அதாவது என்சிஐசியில், திருட்டுப்போன துப்பாக்கிகளுக்கென்று தனியாக ஒரு கோப்பு இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் இருக்கும் போலீஸும் கையில் கிடைத்த துப்பாக்கியை அங்கேதான் சரிபார்க்கும். அந்தக் கோப்பில் ஒரு துப்பாக்கியை ஏற்ற வேண்டுமானால் தயாரிப்பாளர், வகை, காலிபர் என்கிற குண்டின் அளவு, அப்புறம் சீரியல் நம்பர் வேண்டும். நம்பர் தெரியாத துப்பாக்கி அங்கே ஏறாது. ஏறாத துப்பாக்கி ஆறு மாதம் கழித்து வேறு ஒரு மாநிலத்தில், ஒரு கார் சோதனையில் கிடைத்தால்கூட, திருட்டுப் பொருள் என்று திரையில் காட்டாது. உங்களுக்குத் தகவலும் வராது.

இது எங்கோ எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. மத்திய அரசின் துப்பாக்கித் துறையான ஏடிஎஃப் வெளியிட்ட கணக்குப்படி 2017-லிருந்து 2021 வரை ஐந்து வருடங்களில் திருட்டுப்போனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 96 சதவீதம் தனிநபர்களிடமிருந்து போனவை. கடைக்காரர்களிடமிருந்து போனது சொற்பம். பூட்டும் காவலும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், திருட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. லைசன்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர் வந்த துப்பாக்கி, போன துப்பாக்கி ஒவ்வொன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதியே தீர வேண்டும், ஒன்று காணாமல் போனது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃபுக்கும் உள்ளூர் போலீஸுக்கும் சொல்ல வேண்டும். வீட்டில் இருபது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மத்திய சட்டத்தில் அப்படி எந்தக் கடமையும் இல்லை. சில மாநிலங்கள் மட்டும் கெடு வைத்திருக்கின்றன: நியூயார்க்கில் 24 மணி நேரம், கனெக்டிகட்டில் 72 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 5 நாள். காணாமல் போனதே தெரிந்தால்தானே கெடுவுக்குள் சொல்ல முடியும்? அலமாரி நிறைய வைத்திருப்பவர் அதில் ஒன்று குறைந்ததை எப்போது கவனிப்பார்? எழுதி வைத்த பட்டியல் இருந்தால் எண்ணிப் பார்த்த அன்றே தெரிந்துவிடும்.

"அரசாங்கத்திடம் இருக்காதா? வாங்கும்போதுதான் அத்தனை படிவம் நிரப்பினோமே" என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது, ஏன் தவறு என்பது கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டிய விஷயம்.

கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்புவது 4473 என்ற படிவம். அதை அரசுக்கு அனுப்புவதில்லை, கடைக்காரரே தன்னிடம் வைத்துக்கொள்கிறார். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐ முறை 1998 நவம்பரில் தொடங்கியது. அதில் "விற்கலாம்" என்று பதில் போன பிறகு வாங்கியவரை அடையாளம் காட்டும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கும் முன்பே, 1986-இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், துப்பாக்கிகளையோ உரிமையாளர்களையோ பதிவு செய்யும் தேசியப் பட்டியல் எதையும் மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. ஒரு கடை மூடப்பட்டால் அதன் காகிதங்கள் எல்லாம் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் ஏடிஎஃபின் தேசியத் தடமறியும் மையத்துக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கில் படிவங்கள் படங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒருவர் பெயரைத் தட்டி "இவரிடம் என்னென்ன துப்பாக்கி இருக்கிறது" என்று தேட முடியாதபடிதான் அந்த ஏற்பாடே வைக்கப்பட்டிருக்கிறது.

அங்கே தடம் பிடிப்பது ஒரே ஒரு திசையில்தான் நடக்கும். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. அதன் நம்பரை வைத்துத் தயாரிப்பாளரைக் கேட்கிறார்கள், அவர் மொத்த வியாபாரியைச் சொல்கிறார், மொத்த வியாபாரி கடையைச் சொல்கிறார், கடைக்காரர் தன் புத்தகத்தையும் 4473-ஐயும் பார்த்து முதன்முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்கிறார். சமீப வருடங்களில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இப்படித் தேடப்படுகின்றன. முதல் வாங்குநரோடு சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடும். அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றாரா, மச்சானுக்குக் கொடுத்தாரா என்பது பல மாநிலங்களில் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதனால் நம்பர் தெரிந்தால் உரிமையாளரை ஓரளவு தேடிப் பிடிக்கலாமே தவிர, உரிமையாளரை வைத்துக்கொண்டு நம்பரைத் தேட முடியாது. திருட்டுக்கொடுத்தவர் நிற்பது அந்த இரண்டாவது இடத்தில்.

மாநில அளவில் விதிவிலக்குகள் உண்டு. ஹவாயில் பதிவு கட்டாயம். கலிஃபோர்னியா மாநிலப் பதிவேட்டில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்களே விண்ணப்பித்துக் கேட்கலாம். ஆனால் அங்கேயும் ரைஃபிள், ஷாட்கன் போன்ற பழைய நீளத் துப்பாக்கிகளில் ஏராளமானவை பதிவில் வராமலே கைமாறியிருக்கின்றன. எந்த மாநிலமானாலும் முழுப் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அது உரிமையாளர் எழுதியதாகத்தான் இருக்கும். ஏடிஎஃபே இதற்கென்று தனிநபர் துப்பாக்கிப் பதிவு என்ற பெயரில் ஒரு சின்ன வெற்றுப் படிவத்தை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அதை நிரப்பி யாருக்கும் அனுப்ப வேண்டாம், உங்களிடமே, துப்பாக்கிகளை விட்டுத் தள்ளி, பத்திரமாக வைத்திருங்கள் என்பதுதான் அதன் நோக்கம்.

இந்தத் தடம் பிடிக்கும் முறையைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். விற்றுவிட்ட துப்பாக்கியின் வரியை ஒருபோதும் அழிக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் முன்பு நீங்கள் கடையில் வாங்கி, மூன்று வருடத்தில் விற்றுவிட்ட பிஸ்டல் இன்று எங்கோ ஒரு கொலை வழக்கில் கிடைத்தால் காகிதத்தடம் வந்து நிற்பது உங்கள் வாசலில். எந்தத் தேதியில், யாருக்கு, எந்தக் கடை வழியாக விற்றீர்கள் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டையும் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். இல்லையென்றால், நினைவிலிருந்து சொல்வதைத் தவிர உங்களிடம் ஒன்றும் இருக்காது. என்னைக் கேட்டால், வாங்கியதை எழுதுவதைவிட விற்றதை எழுதுவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பழுது பார்க்கக் கொடுத்தது, நண்பருக்கு வேட்டைக்குக் கொடுத்தது இவையும் தேதியோடு அதே நோட்டில் ஏற வேண்டும்.

சரி, என்ன எழுதுவது? தயாரிப்பாளர், மாடல், வகை, காலிபர், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை. கேட்க எளிதாக இருக்கிறது. துப்பாக்கியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். எடுக்கும் ஒவ்வொன்றிலும் குண்டுகளை அடுக்கும் மேகசினைக் கழற்றி, குண்டு உட்காரும் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்து, காலி என்று உறுதி செய்த பிறகே நம்பரைத் தேட வேண்டும். வெளிச்சத்துக்காக இப்படியும் அப்படியும் திருப்புகிற வேலை இது, அதனால் இதை ஒருமுறைகூடத் தவிர்க்கக் கூடாது.

சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படுவது ஃபிரேம் அல்லது ரிசீவர், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் உடல்பகுதிதான். அதில் இருக்கும் நம்பர்தான் கணக்கு. க்ளாக்கில் ஃபிரேமின் அடியில் ஒரு சின்ன உலோகத் தகட்டில் நம்பர் இருக்கும், அதே நம்பர் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிலும் குழலிலும் இருக்கும். யாராவது குழலை மாற்றியிருந்தால் அந்த நம்பர் வேறாக இருக்கலாம், தகட்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். ஸிக் சாவர் பி320-இல் கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் பகுதி சட்டப்படி துப்பாக்கியே இல்லை. உள்ளே இருக்கும் எஃகுப் பாகத்தில்தான் நம்பர், வெளியே ஒரு சின்ன ஜன்னல் வழியாக அது தெரியும். ஏஆர்-15 வகையில் கீழ் ரிசீவரில் நம்பர் இருக்கும், மேல்பகுதி வேறு கம்பெனியாக இருக்கலாம். மேல்பகுதியில் பெரிதாகப் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்துத் தயாரிப்பாளர் என்று எழுதினால் போலீஸ் பதிவு தப்பாகப் போகும். அந்தக் கீழ் ரிசீவரில் காலிபர் என்ற இடத்தில் "மல்ட்டி", அதாவது பல அளவு, என்று மட்டும் இருப்பது சகஜம். அப்போது அதை அப்படியே எழுதி, பூட்டியிருக்கும் குழலின் காலிபரைப் பக்கத்தில் தனியாகக் குறிக்க வேண்டும்.

பழைய ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். சிலிண்டரை வெளியே தள்ளினால் அதைத் தாங்கும் கிரேன் என்ற கை உட்காரும் இடத்தில் ஒரு எண் தெரியும். அது தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்ப்பதற்காகப் போட்ட எண்ணாக இருக்கலாம். 1957-க்குப் பிறகு வந்தவற்றில் மாடல் எண்ணும் அங்கேதான் இருக்கும். உண்மையான சீரியல் நம்பர் பிடியின் அடிப்பகுதியில் இருக்கும், பெரிய மரப்பிடி மாட்டியிருந்தால் அதைக் கழற்றினால்தான் தெரியும். பரம்பரையாக வந்த ரிவால்வருக்குத் தவறான எண்ணை எழுதி வைத்துவிட்டு, பட்டியல் தயார் என்று நிம்மதியாக இருப்பது பட்டியலே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் திருட்டுக்குப் பிறகு அதைத் திருத்துவது மிகவும் கஷ்டம்.

சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கும் ஜெர்மன் லூகர் பிஸ்டலில் சிக்கல் வேறு மாதிரி. அதன் ராணுவத் தயாரிப்பில் எண் ஒவ்வொரு வருடமும் புதிதாக 1-இலிருந்து தொடங்கும். பத்தாயிரம் ஆனதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, பின்னால் ஒரு சிறிய எழுத்தைச் சேர்ப்பார்கள், அடுத்த பத்தாயிரத்துக்கு அடுத்த எழுத்து. ஆக 4521 என்று மட்டும் எழுதினால் அதே எண்ணில் வேறு பல லூகர்கள் உலகில் இருக்கும். தயாரிப்பாளர், அறைக்கு மேல் பொறித்த வருடம், எண், பின்னால் வரும் அந்தக் கையெழுத்து மாதிரியான எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானவற்றுக்கு இறக்குமதியாளர் பெயர், ஊர், மாநிலம் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், குழலின் அடியில்கூட இருக்கலாம். அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவுக்குள் அதன் தடம் ஆரம்பிப்பதே அந்தப் பெயரில்தான். ரஷ்ய மோசின்-நாகந்த் ரைஃபிளில் எண்ணுக்கு முன்னால் வரும் சிரிலிக் எழுத்துகளைத் தெரியாதென்று விட்டுவிடாமல் படம் எடுத்து வைக்க வேண்டும்.

நம்பரே இல்லாத துப்பாக்கியும் உண்டு. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் சீரியல் நம்பர் போட்டே ஆக வேண்டும் என்று வந்தது 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில். அதற்கு முன் விற்ற மலிவான .22 ரைஃபிள்களிலும் ஷாட்கன்களிலும் பலவற்றுக்கு நம்பரே கிடையாது. சீயர்ஸ் என்ற கடை நிறுவனம் தன் பெயரில் விற்றவற்றில் 103, 583 என்று தொடங்கும் எண்கள் இருக்கும், அவை மாடலையும் செய்து கொடுத்த தொழிற்சாலையையும் குறிப்பவை, சீரியல் நம்பர் இல்லை. நம்பர் இல்லாமல் பிறந்த துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம் கிடையாது. இருந்த நம்பரை அரம் போட்டு அழித்த துப்பாக்கியை வைத்திருப்பது மத்தியக் குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வராமல் இருக்க, ரிசீவரின் எல்லாப் பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, "1968-க்கு முந்தியது, தொழிற்சாலை நம்பர் இல்லை" என்று பட்டியலிலேயே குறித்து வைப்பது நல்லது. அதில் உள்ள மரப்பகுதியின் கீறல்கள், பொறித்த பெயரெழுத்துகள், மாற்றிய திருகு இவையெல்லாம்தான் அப்போது அடையாளம்.

எழுதும்போது பூஜ்யமா ஓ-வா, ஒன்றா ஐ-யா, எட்டா பி-யா, ஐந்தா எஸ்-ஸா என்ற குழப்பம் கட்டாயம் வரும். அதனால்தான் கையால் எழுதிய எண்ணோடு படமும் வேண்டும் என்கிறேன். ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தால் பளபளப்பில் எண் மறைந்துவிடும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் பொறித்த கோடுகளில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். முழுத் துப்பாக்கி இடம் ஒன்று, வலம் ஒன்று, சீரியல் நம்பர் கிட்டத்தில் ஒன்று, தனி அடையாளங்கள் ஒவ்வொன்றும். இவ்வளவு போதும், ஸ்டூடியோ தரம் தேவையில்லை.

ஏற்கெனவே திருட்டுக்கொடுத்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கும் சில வழிகள் இருக்கின்றன. துப்பாக்கி வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் பெரும்பாலும் சீரியல் நம்பர் இருக்கும், அதனால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், குறைந்தது லேபிளையாவது வெட்டி வையுங்கள். கிரெடிட் கார்டு கணக்கில் தேதியும் கடையும் கிடைத்தால், அந்தக் கடைக்காரர் மனது வைத்துத் தன் 4473-களைப் புரட்டிச் சொல்லலாம். பழுது பார்த்தவரின் புத்தகம், தயாரிப்பாளரிடம் உத்தரவாதத்துக்குப் பதிவு செய்த மின்னஞ்சல், பழைய புகைப்படங்கள், எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். நம்பர் தாமதமாகக் கிடைத்தாலும் போலீஸில் சொல்லிப் புகாரில் சேர்க்கச் சொல்லலாம்.

திருட்டுக்கு மட்டும்தான் இந்த நோட்டு என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கியைச் சுடுவது பாதுகாப்பா இல்லையா என்பதையே சில நேரம் நம்பர்தான் சொல்லும். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலை செய்த 1903 மாடல் ரைஃபிளில் 800,000-க்குக் கீழ் எண் இருந்தால், ராக் ஐலண்ட் ஆயுதச்சாலையில் செய்ததாக இருந்தால் 285,507-க்குக் கீழ் இருந்தால், அதன் ரிசீவர் பழைய முறையில் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது, உடையக்கூடியது என்ற எச்சரிக்கை சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ரூகர் 2017-இல் மார்க் 4 பிஸ்டல்களைத் திரும்பப் பெற்றபோது உங்களுடையது அதில் வருமா என்று பார்க்க வேண்டியதும் நம்பரை வைத்துத்தான். பட்டியல் கையில் இருந்தால் பெட்டகத்தைத் திறக்காமலே பார்த்துவிடலாம்.

அடுத்தது பணம். அமெரிக்க வீட்டு இன்சூரன்ஸில் பரவலாகப் பயன்படும் பாலிசியில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், பொதுவாக 2,500 டாலர். அது ஒரு துப்பாக்கிக்கு இல்லை, திருட்டுப்போன மொத்தத்துக்கும் சேர்த்து. ஒரு நல்ல வேட்டை ரைஃபிளும் அதன் மேல் குறிபார்க்கும் ஸ்கோப்பும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும், அப்போது கம்பெனி முதலில் கேட்பதே நம்பரும் படமும் மதிப்பும் உள்ள பட்டியலைத்தான். ஸ்கோப்புக்கும் தனி சீரியல் நம்பர் இருக்கும், அதையும் எழுதுங்கள், பல நேரம் ரைஃபிளைவிட அதுதான் விலை. வெள்ளச் சேதம் சாதாரண வீட்டுப் பாலிசியில் வராது, அதற்குத் தனிப் பாலிசி.

தீ விபத்தில் இன்னும் கொடுமை. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எரித்த தீயில் 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அப்படி ஒரு தீயில் அலுமினிய ரிசீவர் உருகிவிடும், பாலிமர் ஃபிரேம் இருந்த இடம் தெரியாது, எஃகு தப்பினாலும் அதன் பதம் போய்ச் சுடத் தகுதியற்றதாகிவிடும். அந்தச் சாம்பலில் எதையும் படித்து எழுத முடியாது. முன்பே எழுதி வைத்தது மட்டுமே சான்று. 2005-இல் கேட்ரினா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பறித்து வைத்தபோது வழக்குப் போட்டுத்தான் அவற்றைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. வெள்ளத்தில் வீடே போனவர்கள், அவை தங்களுடையவைதான் என்று காட்ட ரசீதுக்கு எங்கே போவார்கள்?

அதனால் பட்டியல் எங்கே இருக்கிறது என்பது பட்டியலில் என்ன இருக்கிறது என்பதற்குச் சமமான கேள்வி. துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் வைக்கவே கூடாது. திருடன் பெட்டகத்தோடு கொண்டுபோவான், தீ பெட்டகத்தோடு எரிக்கும். வீட்டில் வைக்கும் துப்பாக்கிப் பெட்டகங்களில் பெரும்பாலானவை யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் தரத்தில் "வீட்டுப் பாதுகாப்புக் கொள்கலன்" என்ற பிரிவில் வருபவை, அதற்கான சோதனை கைக்கருவிகளோடு 5 நிமிடத் தாக்குதல். தீ காப்பு என்று எழுதியிருப்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். காகிதத்துக்கான தீ காப்புத் தரத்தில் பெட்டியின் உள்ளே 177 டிகிரி செல்சியஸ் வரை சூடேறலாம், காகிதம் தாங்கும். பென் டிரைவுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் உள்ள தரம் 52 டிகிரிக்குள். காகிதப் பெட்டியில் பென் டிரைவை வைத்துவிட்டுப் பத்திரம் என்று நம்பினால் மிஞ்சுவது உருகிய பிளாஸ்டிக்.

நான் சரி என்று நினைப்பது இது: எக்ஸெல் போன்ற ஒரு கோப்பு, அதற்குத் தனி பாஸ்வேர்டு, கணினியின் முழு டிஸ்க்கும் குறியாக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, அச்சிட்ட தாளாகவோ குறியாக்கம் செய்த கோப்பாகவோ, வங்கி லாக்கரிலோ நம்பகமான உறவினரிடமோ. கிளவுடில் போடுவதாக இருந்தால் உங்கள் கணினியிலேயே குறியாக்கம் செய்த பிறகு போடுங்கள். பெட்டகத்தின் எண்பூட்டு ரகசியத்தையும், எந்தத் துப்பாக்கி எந்த அறையில் என்பதையும் இந்தக் கோப்பில் எழுதாதீர்கள். செல்போனில் எடுத்த படங்களில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒட்டிக்கொண்டிருக்கும், குடும்பத்தோடு பகிர்ந்த ஆல்பத்துக்கு அது தானாகவே ஏறிவிடும். இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுத்து, கோப்புக்கு மாற்றியதும் போனிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

பட்டியல் என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2012 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு நாளிதழ் இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருந்தவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாகவே போட்டது. 2022 ஜூனில் கலிஃபோர்னியா நீதித்துறையின் இணையப் பலகையிலிருந்து, துப்பாக்கி மறைத்து எடுத்துச் செல்ல விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் விவரம் வெளியே கசிந்தது. திருடனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஆனால் இரண்டுமே அரசிடம் இருந்த பட்டியல்கள். வீட்டுக்காரர் தனக்காக எழுதி, தன்னிடமே பூட்டி வைக்கும் பட்டியலை யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் மத்திய சட்டத்தில் இல்லை. விதிவிலக்கு, பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான லைசன்ஸ் எடுத்தவர்கள். 50 வருடத்துக்கு மேலான துப்பாக்கிகளை மாநிலம் தாண்டி வாங்க உதவும் அந்த லைசன்ஸோடு, அதன்கீழ் வந்ததையும் போனதையும் புத்தகத்தில் எழுதும் கடமையும் சேர்ந்தே வருகிறது. பயத்துக்கு மருந்து, பட்டியலை ஒழுங்காகப் பூட்டி வைப்பதுதான். எழுதாமல் விட்டால் பாதுகாப்பு கூடுவதில்லை, திருட்டுப்போன நாளில் கை கட்டிப்போட்ட மாதிரி நிற்க வேண்டியதுதான்.

சில துப்பாக்கிகளுக்குக் காகிதம்தான் உயிர். சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், இயந்திரத் துப்பாக்கி போன்றவை 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் வருபவை. இவை மட்டும் மத்திய அரசின் பதிவேட்டில் உண்டு, அனுமதி கிடைத்த படிவத்தை உரிமையாளர் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமே. இரண்டாம் உலகப் போரிலிருந்து தாத்தா கொண்டுவந்த எம்பி-40 என்ற ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது அப்போதே, அல்லது 1968 நவம்பரில் கொடுத்த 30 நாள் மன்னிப்புக் காலத்தில் பதிவு செய்யப்பட்டு, அந்தப் படிவமும் கிடைத்தால் பல பத்தாயிரம் டாலர் சொத்து. பதிவே இல்லையென்றால் இன்று பதிவு செய்ய வழி கிடையாது, வைத்திருப்பதே பெருங்குற்றம். சாதாரண லூகருக்குக்கூட, போர்வீரர் அதைக் கொண்டுவர மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு கூடவே இருந்தால் சேகரிப்பாளர்களிடம் விலை நன்றாகக் கூடும். பழைய வின்செஸ்டர் துப்பாக்கிகளுக்கு வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரில் இருக்கும் அருங்காட்சியகமும், கோல்ட் துப்பாக்கிகளுக்கு அந்தக் கம்பெனியின் ஆவணக்காப்பகமும் நம்பரை வைத்து, பழைய தொழிற்சாலைப் பதிவேட்டில் இருப்பதைச் சொல்லும் கடிதம் தருகின்றன. இந்தக் காகிதங்களின் மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்பதற்குப் பட்டியலில் ஒரு கட்டம் வேண்டும்.

இதையெல்லாம் உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவர் இறந்த பிறகு அலமாரியைத் திறக்கும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ எது நாற்பது டாலர், எது நாலாயிரம் டாலர் என்று தெரியாது, துக்க வீட்டில் வந்து மொத்தமாக விலை பேசுபவருக்கு அது நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே உத்தேச மதிப்பையும் மதிப்பிட்ட வருடத்தையும், யாருக்குப் போக வேண்டும் என்ற விருப்பத்தையும் எழுதி வைத்தால் அவர்களுக்கு அது பெரிய உதவி. உயிலின்படியோ வாரிசுரிமைப்படியோ வேறு மாநிலத்தில் இருக்கும் பிள்ளைக்குத் துப்பாக்கி போவதற்கு மத்திய சட்டம் விலக்கு தருகிறது, அந்தப் பிள்ளை துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் பெறும் மாநிலத்தின் விதி தனி. கலிஃபோர்னியாவில் இருக்கும் வாரிசு 30 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1934 சட்டத்தின்கீழ் வருபவை வாரிசுக்கு வரியில்லாமல் மாற படிவம் 5 இருக்கிறது, அது அனுமதியாகி வரும்வரை உயிலை நிறைவேற்றுபவர் கையிலேயே பொருள் இருக்க வேண்டும். வங்கி லாக்கரை உரிமையாளர் இறந்ததும் உடனே திறக்க விடாத மாநிலங்களும் உண்டு என்பதால், உயில் எழுதும் வக்கீலிடமே மூடி முத்திரையிட்ட உறையில் ஒரு பிரதியைக் கொடுத்து, பட்டியல் மாறும்போது அந்த உறையையும் மாற்றிவிடுவதுதான் நடைமுறையில் சுலபமான வழி.